கட்டணமில்லாக் கல்வியும் நமது கடமையும்

“எல்லாப் பாடங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்தில், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை எழுப்பி, மழையிலும் குளிரிலும் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா?” இவ்வினா இன்று பிரித்தானியாவில் வாழும் தமிழ்ப் பெற்றார் பலரின் உள்ளத்தில் எழுந்துள்ளது. சிலர் இதனை வாய்விட்டுக் கேட்கின்றனர். வேறு சிலர் கேளாமலே பிள்ளைகளை நிறுத்திவிடுகின்றனர். மாணவர்களும், “யூரியூப்பில் பார்த்துப் படித்துக்கொள்கிறேன்” என்று எளிதாகக் கூறிவிடுகின்றனர்.

இவ்வினாவைச் சோம்பலின் விளைவு என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. மண்டப வாடகை உயர்கின்றது. பயணச் செலவு உயர்கின்றது. ஊதியமின்றிக் கற்பிக்கும் தொண்டாசிரியர்களோ அருகி வருகின்றனர். ஆகவே, இவ்வினாவுக்கு உணர்ச்சியால் அன்றி அறிவால் விடை காணல் வேண்டும். அதற்கு, கட்டணமில்லாக் கல்வி எதனை அளிப்பதாக வாக்களித்தது, எதனை அளித்தது, எங்கே தடுமாறியது என்பவற்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

எமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். பாடம் இலவசமாகக் கிடைக்கலாம். கற்றல் ஒருபோதும் இலவசமாகக் கிடைப்பதில்லை. நேரம், முயற்சி, துணை என்னும் மூன்றையும் அதற்கு விலையாகக் கொடுத்தேயாக வேண்டும். இணையத்துப் பாடம் பாடசாலையின் இடத்தைப் பறிக்க வந்த பகையன்று. பாடசாலை தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லதொரு கருவி அது.

முன்னோர் சென்ற பாதை

தொலைவிலிருந்து கற்றல் நம்மவர்க்குப் புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே, தன் வகுப்பறைக்கு வாராதோரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று வழி திறந்தது. இலங்கையில் 1921 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும் வரையில், இலண்டன் பட்டத் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. பகலில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ பணியாற்றி, இரவில் விளக்கொளியில் படித்து, இலண்டன் வெளிவாரிப் பட்டம் பெற்றோர் நம் பாட்டன்மார் தலைமுறையில் இருந்தனர். அவ்வாறு பெற்ற பட்டம் குடும்பங்களின் நிலையை உயர்த்தியது. எனினும் அந்த வாயில் பாதியே திறந்திருந்தது. தேர்வுக் கட்டணம் செலுத்த வல்லவர்க்கும், ஆங்கிலம் கற்றவர்க்கும், நூல்களைப் பெறும் வாய்ப்புடையோர்க்குமே அது பயன்பட்டது.

வாயிலை அகலத் திறக்க முனைந்தது பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம். ஹரல்ட் வில்சன் 1963 இல் முன்வைத்த ‘வானலைப் பல்கலைக்கழகம்’ என்னும் எண்ணத்துக்கு அமைச்சர் ஜெனி லீ உருக்கொடுத்தார். 1969 இல் அரச பட்டயம் பெற்ற அப்பல்கலைக்கழகம், 1971 சனவரியில் தன் முதல் மாணவர்க்குக் கற்பிக்கத் தொடங்கியது. முன்னர் எத்தேர்விலும் சித்தியடைந்திராதவரும் அதிற் சேரலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. அதன் விரிவுரைகளைப் பி.பி.சி. தொலைக்காட்சி 2006 வரை ஒளிபரப்பி வந்தது. இலங்கையிலும் 1980 இல் ஒரு திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். அத்தொலைக்காட்சி விரிவுரைகளை எவரும் காசின்றிக் காணலாம். ஆயினும் அவற்றைக் கண்டவர் யாவரும் பட்டதாரிகள் ஆகிவிடவில்லை. திறந்த பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவர்க்கும் ஒரு பயிற்றுநரை நியமித்தது. எழுதி அனுப்பிய ஒப்படைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியது. கோடைகாலப் பயிற்சிப் பாசறைகளில் மாணவரை ஒன்றுகூட்டியது. தொலைக்காட்சி அப்பல்கலைக்கழகத்தின் முகமாக விளங்கிற்று. பயிற்றுநரோ அதன் முதுகெலும்பாக விளங்கினர்.

இணையம் திறந்த வாயில்

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. தொழினுட்பப் பல்கலைக்கழகம், தன் பாடங்களுக்குரிய விரிவுரைக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் உலகோர் அனைவர்க்கும் இலவசமாக இணையத்தில் வழங்கப்போவதாக அறிவித்தது. 2002 செப்ரெம்பரில் சில பாடங்களுடன் தொடங்கிய அம்முயற்சி, 2007 அளவில் ஏறத்தாழ 1,800 பாடங்களாக வளர்ந்தது. 2002 இல் யுனெஸ்கோ கூட்டிய அவையொன்றிலேயே ‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் சொற்றொடர் பிறந்தது.

அறிவுலகின் மறுகோடியில் தனி மனிதர் ஒருவரும் இதே பணியில் இறங்கினார். வங்காளப் பூர்வீகம் கொண்ட சல்மான் கான் என்பவர், 2004 இல், வேறு நகரில் வாழ்ந்த தம் உறவுச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். உறவினர் பலர் அவ்வாறே கேட்கவே, 2006 முதல் பாடங்களை யூரியூப்பில் ஏற்றினார். இன்று எம் மாணவர் பலரும் பயன்படுத்தும் கான் அக்கடமி அவ்வாறு தோன்றியதே. ஒரு குழந்தையின் ஐயத்தைத் தீர்க்க எழுந்த அன்பே ஒரு பெருநிறுவனத்தின் வித்தாயிற்று என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

2008 இல் கனடாவின் மனிரோபாப் பல்கலைக்கழகத்தில், கட்டணம் செலுத்திய 25 மாணவர்க்கென நடத்தப்பட்ட ஒரு பாடநெறியில், இணையம் வழியாக 2,000 இற்கும் மேற்பட்டோர் இலவசமாக இணைந்தனர். ‘பெருந்திரள் திறந்த இணையவழிப் பாடநெறி’ என்னும் பெயர் அப்போதே வழக்கிற்கு வந்தது. 2011 இலையுதிர் காலத்தில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடநெறியில் ஏறத்தாழ 160,000 பேர் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டில் கோர்செரா, எடெக்ஸ், யுடாசிற்றி ஆகிய நிறுவனங்கள் பாடநெறிகளை வழங்கத் தொடங்கின. 2012 ஆம் ஆண்டை இப்பாடநெறிகளின் ஆண்டு என்றே நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழ் வருணித்தது.

இந்தியாவும் பின்தங்கி நிற்கவில்லை. ஏழு இந்தியத் தொழினுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் இணைந்து 2003 இல் தொடங்கிய என்.பி.ரெல். திட்டத்தில் சென்னைக் கழகம் முதன்மைப் பங்கு வகிக்கின்றது. 2017 சூலையில் இந்திய அரசு சுவயம் என்னும் தளத்தையும் தொடங்கி வைத்தது. ஊர்ப்புறக் கல்லூரியொன்றில் பயிலும் மாணவியும் தலைசிறந்த பேராசிரியரின் விரிவுரையைக் கேட்கும் நிலை இதனால் உருவாயிற்று.

கைகூடிய நன்மைகள்

இவற்றால் விளைந்த நன்மைகள் பல. எடெக்ஸ் தளத்தின் முதற் பாடநெறியாகிய மின்சுற்றுப் பாடத்தில், 2012 இல் ஏறத்தாழ 155,000 பேர் பதிவு செய்தனர். 7,157 பேர் சான்றிதழ் பெற்றனர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை அப்பாடத்தைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், அத்தனை பேரையும் தேர்ச்சியடையச் செய்ய ஏறத்தாழ 179 ஆண்டுகள் உழைக்க வேண்டும். முழுமையான மதிப்பெண் பெற்ற 340 பேருள், மங்கோலியாவின் உலான்பாத்தர் நகரைச் சேர்ந்த 15 வயது மாணவன் ஒருவனும் இருந்தான். பின்னர் அவன் எம்.ஐ.ரி. யிலேயே மாணவனாகச் சேர்ந்தான்.

வகுப்பில் ஒருமுறை கேட்டு விளங்காத பாடத்தை இணையத்திற் பத்துமுறை கேட்கலாம். ‘மற்றவர் சிரிப்பார்களோ’ என்று அஞ்சும் கூச்சமுள்ள மாணவனுக்கு அது பெருந்துணை. தாயகத்திற் பெற்ற தகைமைகள் இந்நாட்டில் ஏற்கப்படாமையால், கடையிலும் களஞ்சியத்திலும் இரவுப் பணி செய்யும் பெற்றார் நம்மிடையே உள்ளனர். அவர்களும் தமக்கு ஓய்வு கிடைக்கும் வேளையில், திறந்த பல்கலைக்கழகம் 2006 முதல் ஓப்பின்லேர்ன் தளத்தில் இலவசமாக வழங்கிவரும் பாடங்களைக் கற்கலாம். பாடசாலையே இல்லாத சிற்றூரில் தனித்து வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு, இணையத் தமிழ் வகுப்பு பாலைவனத்து நீருற்றுப் போன்றது. இவற்றை மறுப்போர் நன்றி மறந்தோர் ஆவர்.

எண்கள் உணர்த்தும் உண்மை

ஆயினும், நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2012 இலையுதிர் காலம் முதல் 2013 கோடை வரையில், ஹாவார்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.ரி. யும் எடெக்ஸ் தளத்தில் நடத்திய 17 பாடநெறிகளுக்குக் கிடைத்த பதிவுகள் 841,687 ஆகும். அவற்றுள் 292,852 பதிவுகளைச் செய்தோர் பாடப் பகுதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சான்றிதழில் நிறைவுற்றவை 43,196 மட்டுமே. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 5. பின்வந்த ஆண்டுகளிலும் இந்நிலை சீரடையவில்லை. 2019 இல் வெளியான ஆய்வொன்று, அவ்விரு நிறுவனங்களின் பாடநெறிகளில் 2017-18 இல் நூற்றுக்கு 3 பேரளவிலேயே நிறைவு செய்தனர் என்று காட்டியது. அதே வேளையில், சான்றிதழுக்கெனப் பணம் செலுத்தியோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் இறுதிவரை சென்றனர்.

இவ்வெண்களை நாம் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். நூலகத்திற் புகுந்து ஒரு நூலின் ஓர் இயலை மட்டும் படித்துத் திரும்புவோரைத் தோற்றவர் என்று எவரும் கூறுவதில்லை. தமக்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டு விலகியோரும் அப்பதிவுகளில் இருப்பர். ஆகவே, நூற்றுக்கு 95 பேர் தோற்றனர் எனல் மிகை. ஆனால், பொருட்செலவு ஒன்றே மக்களைக் கல்வியிலிருந்து தடுத்தது, அத்தடையை நீக்கினால் யாவரும் கற்றுவிடுவர் என்னும் நம்பிக்கை பொய்த்தது என்பதை அவை ஐயமின்றி உணர்த்துகின்றன.

பயன்பெற்றோர் யாவர் என்பதும் சிந்திக்கத்தக்கது. தொடக்க காலத்தில் கோர்செராப் பாடநெறிகளிற் சேர்ந்தோரிடம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் விசாரித்தபோது, அவர்களுட் பத்தில் எட்டுப் பேர் ஏற்கெனவே பட்டம் பெற்றோராய் இருந்தனர். மேற்குறித்த 2019 ஆம் ஆண்டு ஆய்வும், இத்தளங்களின் வளர்ச்சி பெரிதும் செல்வ நாடுகளிலேயே நிகழ்ந்தது எனக் கண்டது. ஏழைக்கெனத் திறந்த வாயிலில், ஏற்கெனவே கற்றவரே முந்திக்கொண்டு நுழைந்தனர்.

2013 இல் கலிபோர்னியாவின் சான் ஓசே அரச பல்கலைக்கழகம், யுடாசிற்றி நிறுவனத்துடன் இணைந்து, குறைந்த கட்டணத்தில் இணையவழிக் கணித வகுப்புகளை நடத்தியது. கணிதத்தில் நலிந்த மாணவரும் உயர்நிலைப் பள்ளி மாணவரும் அவற்றிற் பலராய்ச் சேர்ந்தனர். தேர்ச்சி பெற்றோர் தொகை வழமையான வகுப்புகளிலும் குறைந்தமையால், அவ்வாண்டு சூலையிலேயே அம்முயற்சி இடைநிறுத்தப்பட்டது. துணை மிகுதியாக வேண்டியவர்க்கே துணையற்ற கல்வி பொருந்தாமற் போயிற்று.

இனி, அந்த மங்கோலிய மாணவனை மீண்டும் நினைவுகூர்வோம். அவன் தனித்துக் கற்றவன் அல்லன். அவனது பள்ளியின் அதிபர், எம்.ஐ.ரி. யிற் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். அவரே அப்பாடநெறியைத் தம் மாணவர்க்கு அறிமுகம் செய்தார். செய்முறைப் பயிற்சிக்கு வேண்டிய மின்கருவிகளைப் பெட்டிகளில் எடுத்துக்கொண்டு, அவருடைய நண்பரொருவர் அமெரிக்காவிலிருந்து வந்து உடனிருந்து உதவினார். உடன் கற்கத் தோழரும் இருந்தனர். மாணவனின் திறமை அவனுடையதே, ஐயமில்லை. ஆனால் அவனுக்குப் பாடமும் கிடைத்தது, ஆசானும் கிடைத்தார், அவையமும் கிடைத்தது. இம்மூன்றில் இணையம் தந்தது ஒன்றையே.

இலவசம் வேறு, திறந்தது வேறு

இலவசம், திறந்த கல்வி என்னும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு. இன்று காசின்றிக் கிடைப்பது நாளை கட்டணத்துக்கு உட்படலாம். பெருந்தளங்கள் சில, காலப்போக்கில் சான்றிதழை மட்டுமன்றி மதிப்பெண் வழங்கும் பயிற்சிகளையும் பணம் செலுத்துவோர்க்கே ஒதுக்கத் தொடங்கின. இலாபநோக்கின்றித் தொடங்கிய எடெக்ஸ் தளம், 2021 இல் 80 கோடி டொலருக்கு ‘ரூயூ’ என்னும் வணிக நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்நிறுவனமோ 2024 சூலையில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நிறுவனத்தின் கருணையை நம்பிய இலவசம் நிலையற்றது.

திறந்த கல்வி வளம் எனப்படுவது, எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்துடன் வெளியிடப்படுவதாகும். 2002 திசெம்பரில் வெளிவந்த கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமங்கள் இதற்கு வழிகோலின. உரிமையாளர் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்றோ, வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்றோ நிபந்தனை விதித்து, ஏனைய உரிமைகளை வழங்கலாம். 2019 நவம்பரில் யுனெஸ்கோ உறுப்பு நாடுகள் திறந்த கல்வி வளங்கள் பற்றிய பரிந்துரையொன்றையும் ஏற்றுக்கொண்டன.

திறந்தது என்று நாம் கூறும்போது, யாருக்குத் திறந்தது என்றும் கேட்டல் வேண்டும். கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருந்த விரிவுரைப் பதிவுகளில் எழுத்துரை இல்லாமையால், செவிப்புலன் குன்றியோர் அவற்றைப் பயன்படுத்த இயலவில்லை. முறைப்பாடு எழுந்து, அமெரிக்க நீதித்துறையும் அக்குறையைச் சுட்டியது. பல்கலைக்கழகமோ எழுத்துரை சேர்க்கும் செலவை ஏற்காது, 2017 இல் 20,000 இற்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஒரு சாரார்க்கு மறுக்கப்பட்டது, ஈற்றில் அனைவர்க்கும் மறுக்கப்பட்டது. மொழியும் அத்தகைய வேலியே. புகழ்பெற்ற பாடநெறிகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கிலம் அறியாத தாய்க்கு அவ்வாயில் இன்றும் பூட்டியே கிடக்கின்றது.

தமிழில் நாம் பெற்றிருக்கும் செல்வம்

தமிழர் இத்துறையில் வெறுங்கையர் அல்லர். 1998 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளிற் பரந்து வாழும் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, இணையத்தில் இலவசமாக வழங்கினர். 1999 இற் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக, 2001 பெப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள அது, மழலைப் பாடம் முதல் பட்டப்படிப்பு வரை இணையவழி வழங்குகின்றது. அக்கழகமும் பல நாடுகளிற் தொடர்பு மையங்களை நாடியது என்பது கருதத்தக்கது. 2003 இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா, 2017 இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது.

2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் பற்றித் தனியே கூறல் வேண்டும். 1981 மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றுடன் அரிய ஓலைச் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுட் சில, உலகில் வேறெங்கும் படியில்லாதவை. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் அறிவை ஒரே தீயால் அழித்துவிடலாம். ஆயிரம் இடங்களிற் படியெடுத்து வைக்கப்பட்ட அறிவை எத்தீயாலும் அழிக்க இயலாது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப் படிகளாக்கி எவரும் படிக்க வழங்கிவரும் நூலகம் திட்டம் இவ்வுண்மைக்குச் சான்று. திறந்த உரிமம் என்பது நம்மவர்க்கு வெறும் சட்ட நுணுக்கம் அன்று. அது நமது அறிவுச் செல்வத்துக்கு இட்ட காப்பு.

எனினும் ஒரு குறை எஞ்சியுள்ளது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அரசினர் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்துள்ளனர். அவை தெருவிலும் கடையிலும் பேருந்திலும் தமிழைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு எழுதப்பட்டவை. வீட்டில் மட்டும் தமிழைக் கேட்டு, வெளியில் ஆங்கிலத்திலேயே சிந்திக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அவற்றின் மொழி கடினமாகவும், பொருள் அயலாகவும் தோன்றுகின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்குரிய நூலின் மொழி பொருந்தினாலும், அதன் கதை பத்து வயதுப் பிள்ளைக்குச் சலிப்பைத் தருகின்றது. இவ்விடைவெளியை நிரப்பும் பாடங்களை எழுத வல்லவர் யார்? இத்தகைய பிள்ளைகளை வாரந்தோறும் எதிரில் இருத்திக் கற்பிக்கும் நமது தொண்டாசிரியரே.

பாடசாலை எதற்கு?

2020 இல் கொள்ளை நோய் பரவி, உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவரின் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது இணையமே கல்வியைத் தாங்கி நின்றது. தமிழ்ப் பாடசாலைகளும் திரைவழி வகுப்புகளால் உயிர்தப்பின. அதே காலம், திரையால் இயலாதவற்றையும் நமக்குக் கற்பித்தது. ஒலியை அடைத்து, முகத்தை மறைத்து, பெயர் மட்டும் வகுப்பில் இருக்க, பிள்ளை வேறொன்றில் ஆழ்ந்திருக்கலாம் என்பதைப் பெற்றாரும் கண்டனர்.

மொழி, கேட்டு மட்டும் கற்கும் பொருளன்று. பேசி, பிழைபட்டு, திருத்தப்பெற்றுக் கற்கும் பொருள். ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்பதனைப் பிள்ளை ‘பல்லிக்குப் போகிறேன்’ என உச்சரித்தால், காணொளி தன்பாட்டில் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடும். ஆசிரியரோ புன்னகையுடன் நிறுத்தி, நாவை எங்கே வைத்தல் வேண்டும் என்று காட்டுவார். அருகிலுள்ள தோழியும் சேர்ந்து சொல்லிப் பார்ப்பாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது போல, திரையில் மட்டும் வாழும் தமிழ் நாவுக்கு வந்து சேராது. தன்னைப் போன்ற வேறு பிள்ளைகளும் இம்மொழியைப் பேசுகின்றனர் என்பதைக் கண்ணாற் காணும்போதே, ‘இது அம்மாவின் மொழி மட்டுமன்று, என்னுடைய மொழியும் ஆகும்’ என்னும் எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் வேர்கொள்கின்றது.

இன்று செயற்கை நுண்ணறிவு வினாக்களுக்கு விடையளிக்கின்றது. உச்சரிப்பையும் கேட்டுத் திருத்த முயல்கின்றது. அது மேலும் வளரும், வளர்வது நன்மையே. ஆனால் கேட்க வேண்டும் என்னும் ஆவலைப் பிள்ளையிடம் எழுப்புவது யார்? சலித்த நாளிலும் மேசையில் அமரச் செய்வது யார்? இருபது ஆண்டுகளாக இணையப் பாடநெறிகள் விடை காணாத வினாக்கள் இவையே. இவற்றுக்கு விடை, கருவியில் இல்லை. பிள்ளையின் மேல் அக்கறை கொண்ட மனிதரிடத்தில் இருக்கின்றது.

நாம் செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே, பத்துப் பாடநெறிகளிற் பதிவு செய்து ஒன்றையும் முடிக்காது விடுவதிலும், சிறியதொன்றைத் தேர்ந்து முடிப்பதே மேல். கிழமையில் ஒரு நாளையும் ஒரு மணி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தனியே தொடங்காது, வகுப்புத் தோழர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்த்ததைக் கையால் எழுதி வையுங்கள். பார்த்தல் வேறு, கற்றல் வேறு என்பது எழுதும்போது விளங்கும்.

பெற்றார்களே, மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு அப்பாற் செல்லாதீர்கள். கால் மணி நேரமேனும் அருகில் அமருங்கள். பாடம் உங்களுக்கு விளங்காவிடினும் குறைவில்லை. “எனக்கு இதைத் தமிழிற் சொல்லு” என்று கேளுங்கள். ஆங்கிலத்திற் கற்ற ஒளிச்சேர்க்கையை அம்மம்மாவுக்குத் தமிழில் விளக்க முயலும் பிள்ளை, அறிவியலையும் தமிழையும் ஒருங்கே கற்கின்றது. அம்மம்மாவும் தம் தோட்டத்துச் செடிகளைப் பற்றிப் பிள்ளை அறியாத சில சொற்களைக் கூறுவார். எந்தப் பல்கலைக்கழகமும் இத்தகைய பாடநெறியை வழங்க இயலாது. சான்றிதழுக்குப் பணம் செலுத்துமுன், அதனை ஏற்போர் யாவர், பணம் மீளக் கிடைக்குமா என்பவற்றையும் விசாரித்து அறியுங்கள்.

பாடசாலைகளுக்கும் கடமைகள் உண்டு. மாதத்தில் ஒரு மணி நேரத்தைக் கற்றல் வட்டத்துக்கு ஒதுக்கலாம். மாணவர் வீட்டில் தொடங்கிய இணையப் பாடத்தை அங்கு கூடியிருந்து தொடரலாம். பல்கலைக்கழகத்தில் பயிலும் பழைய மாணவர் வழிகாட்டலாம். வகுப்புகள் நடைபெறும் வேளையில் வெளியே காத்திருக்கும் பெற்றாரும் தமக்கென ஒரு வட்டம் அமைக்கலாம்.

இன்னும் முதன்மையானதொன்று உண்டு. நம் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பயிற்சித்தாள்களையும் கதைகளையும் சிறு நாடகங்களையும் எழுதுகின்றனர். ஆண்டிறுதியில் அவை அலுமாரியில் அடங்கிவிடுகின்றன. ஆசிரியர் இளைப்பாறும்போது அவருடன் மறைந்தும் விடுகின்றன. ஓர் ஊரில் ஒருவர் எழுதியதையே மற்றோர் ஊரில் இன்னொருவர் புதிதாக எழுதி இளைக்கின்றார். எழுதியோரின் ஒப்புதலைப் பெற்று, அவர்தம் பெயருடன், திறந்த உரிமத்தில் அவற்றை வெளியிடுவோமாயின், இலண்டனில் எழுதிய பாடம் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பயன்படும். அங்குள்ளோர் திருத்திச் சிறப்பித்தது நம்மிடம் திரும்பி வரும். பிள்ளைகளின் முகங்களையும் குரல்களையும் பொதுவெளியில் இடாது காத்தலும், காணொளிகளுக்கு எழுத்துரை சேர்த்தலும் இப்பணியிற் கைக்கொள்ள வேண்டிய நெறிகள். பெறுவோராய் மட்டும் இருக்கும் சமுதாயம் பிறர் திறக்கும் கதவையே நோக்கி நிற்கும். கொடுக்கும் சமுதாயம் தானும் ஒரு கதவைத் திறக்கும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி நாம் விடை கூறலாம். பாடங்கள் இலவசமாகக் கிடைப்பதனாற் பாடசாலை தேவையற்றுப் போகவில்லை. அப்பாடங்கள் பயன்தர வேண்டுமாயின், ஆசிரியரும் தோழரும் குறித்த நேரமும் குறித்த இடமும் முன்னிலும் மிகுதியாக வேண்டப்படுகின்றன. இவை நான்கையும் ஒருங்கே அளிக்கும் நிலையத்தைச் சனிக்கிழமை தோறும் நாம் நடத்தி வருகின்றோம். அதனைக் கைவிட்டுவிட்டு, இணையத்தில் ஆயிரம் பாடங்களைத் தேடி அலைவது, விளக்கை அணைத்துவிட்டு நூலைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

உலகம் திறந்து வைத்திருக்கும் அறிவுச் செல்வத்தை நன்றியுடன் ஏற்போம். நமது பங்கையும் அதில் தமிழில் இடுவோம். வரும் சனிக்கிழமையும், மழை பெய்தாலும், பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பாடசாலைக்கு அழைத்து வருவோமாக.